கார்பரேட்டரைக் கழற்றும் முன் கொஞ்சம் யோசி!

மூன்றாமாண்டு மாணவன், ஆட்டோமொபைல் பிரிவு



"கார்பரேட்டரா? அதெல்லாம் செத்துப்போன சப்ஜெக்ட்டுடா. பரீட்சையில வந்தா படத்தைப் போட்டுட்டு வந்துரு." நம் வகுப்பில் அடிக்கடி காதில் விழும் வசனம் இது. இதில் நியாயம் இல்லாமலும் இல்லை. நம் நாட்டுக் கார்களில் 2000ஆம் ஆண்டை ஒட்டியே பெட்ரோல் இன்ஜெக்ஷன் வந்துவிட்டது. 2020 ஏப்ரலில் பி.எஸ்.-6 விதி வந்த பிறகு புது மோட்டார் சைக்கிள்களில் இருந்தும் கார்பரேட்டர் அநேகமாக மறைந்து போனது.

ஆனால் செத்துப்போனது புத்தகத்தில்தான். ஊருக்குள் அது இன்னும் சோறு போட்டுக்கொண்டுதான் இருக்கிறது. எங்கள் வீடு அழகர்கோவில் பக்கம். மதுரைக்கு 21 கிலோமீட்டர். எங்கப்பா ஒரு பழைய பெட்ரோல் ஜீப் பிக்கப் வைத்திருக்கிறார். மஹிந்திரா வண்டி. விடியுமுன் பறித்த மல்லிகையை மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டுக்குக் கொண்டுபோவதுதான் அதன் முக்கிய வேலை. மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது நமக்கெல்லாம் பெருமைதான். ஆனால் எந்தக் குறியீடு இருந்தாலும் மொட்டு மலர்ந்துவிட்டால் விலை போச்சு! வண்டி அரைமணி நேரம் ஸ்டார்ட் ஆகாமல் நின்றால் நஷ்டம் எங்களுக்கு மட்டுமல்ல, பூ ஏற்றிவிட்ட அத்தனை வீட்டுக்கும்தான்.

போன வருடம் அந்த வண்டி மக்கர் பண்ண ஆரம்பித்தது. ஸ்லோ ஸ்பீடில் நிற்காது. ஏற்றத்தில் இழுக்காது. சூடான பிறகு நிறுத்தினால் மறுபடி எடுக்காது. ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். "டீசல் இன்ஜின் மாத்திருங்க" என்றார் ஒருவர். "எடைக்குப் போட்டுருங்க" என்றார் இன்னொருவர். "புது கார்பரேட்டர் போட்டா எல்லாம் சரியாயிரும்" என்றார் மூன்றாமவர். அப்பா என்னைப் பார்த்தார். "ஏப்பா, நீ இதுக்குத்தான படிக்கிற? நீ சொல்லு. வாங்கலாமா, வேணாமா?"

எங்கள் குடும்பத்தில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான்தான். கார்பரேட்டர் வாங்க வீட்டில் இருந்த ஒரே பணம் என் செமஸ்டர் கட்டணத்துக்காக அம்மா சேர்த்து வைத்தது. ஆகவே அது சும்மா கேட்ட கேள்வி அல்ல. அதற்குப் பதில் தேடியபோது நான் கற்றதைத்தான் இங்கே பாடமாகத் தருகிறேன்.

கார்பரேட்டர் என்னதான் செய்கிறது?

ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். கணக்குப் போட்டால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு சுமார் 9,000 லிட்டர் காற்று! இவ்வளவு காற்றையும் இத்துனூண்டு பெட்ரோலையும் அளந்து கலந்து கொடுப்பதுதான் கார்பரேட்டரின் வேலை. அதில் கம்ப்யூட்டர் இல்லை, சென்சார் இல்லை. குழாய் குறுகும் இடத்தில் காற்றின் வேகம் கூடும், அழுத்தம் குறையும். வெஞ்சுரி என்று நாம் படிப்பது இதைத்தான். 1738இல் பெர்னூலி எழுதிய தத்துவமே இதற்கு அடிப்படை. அழுத்தம் குறைந்த அந்த இடத்தில் ஜெட் வழியாக வரும் பெட்ரோல் உறிஞ்சப்பட்டுத் தூறலாகிறது.

இதைப் பற்றி ஒரு அழகான கதை உண்டு. ஹங்கேரி நாட்டில் டோனாட் பாங்கி, யானோஷ் சோங்கா என்ற இரண்டு பொறியாளர்கள் 1893இல் கார்பரேட்டருக்குக் காப்புரிமை பெற்றார்கள். புடாபெஸ்ட் தெருவில் பூக்காரப் பெண் ஒருத்தி குழாயால் ஊதிப் பூக்களுக்கு நீர் தெளித்ததைப் பார்த்துத்தான் அவர்களுக்கு யோசனை பிறந்தது என்பார்கள். கதை உண்மையோ பொய்யோ, பூ வண்டிக்காரர் மகனான எனக்கு அது ரொம்பப் பிடித்துப் போனது!

எங்கள் வண்டியில் இருப்பது ஹரிக்கேன் எஃப்-ஹெட் இன்ஜின். நாலு சிலிண்டர், சுமார் 2,200 சி.சி. இன்டேக் வால்வு ஹெட்டிலும் எக்ஸாஸ்ட் வால்வு பிளாக்கிலும் இருக்கும். இதில் இன்டேக் மேனிஃபோல்டு தனியாகக் கிடையாது, சிலிண்டர் ஹெட்டோடு சேர்த்தே வார்க்கப்பட்டிருக்கும். கார்பரேட்டர் நேராக ஹெட் மேலேயே உட்காரும். இதை ஞாபகத்தில் வையுங்கள், பின்னால் தேவைப்படும். அமெரிக்க வில்லிஸ் ஜீப்பில் வந்தது கார்ட்டர் கார்பரேட்டர். நம்மூர்ப் பட்டறைகளில் அதிகம் காணக் கிடைப்பது சோலெக்ஸ். சென்னையில் கார்புரேட்டர்ஸ் லிமிடெட் நிறுவனம் அதைத் தயாரித்து வந்தது.

முதலில் விசாரணை, பிறகு தண்டனை

தோழர்களே! வண்டியில் எந்தக் கோளாறு என்றாலும் முதலில் பழி விழுவது கார்பரேட்டர் மேல்தான். எனவே கீழ்க்கண்ட நான்கையும் பார்த்து முடிக்காமல் கார்பரேட்டரில் ஸ்பேனர் வைக்காதீர்கள்.

1. நெருப்பு: பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். இந்த இன்ஜினுக்கு பிளக் இடைவெளி 0.030 அங்குலம், அதாவது முக்கால் மில்லிமீட்டர். டெல்கோவில் சி.பி. பாயிண்ட் இடைவெளி 0.020 அங்குலம், அதாவது அரை மில்லிமீட்டர். பாயிண்ட் கருகியிருந்தாலும் வண்டி மிஸ்ஸிங் அடிக்கும். பார்ப்பவர் "கார்பரேட்டர் அடைப்பு" என்பார்.

2. பெட்ரோல் வரத்து: கார்பரேட்டருக்கு வரும் பைப்பைக் கழற்றி ஒரு பாட்டிலுக்குள் விட்டு, பிளக் வயர்களை எடுத்துவிட்டு செல்ஃப் அடியுங்கள். பெட்ரோல் விட்டு விட்டு நன்றாகப் பீய்ச்ச வேண்டும். சொட்டுச் சொட்டாக வந்தால் ஏ.சி. பம்ப், ஃபில்டர், டேங்க் என்று பின்னோக்கிப் போங்கள்.

3. தண்ணீரும் குப்பையும்: அந்தப் பாட்டிலைக் கொஞ்ச நேரம் அசையாமல் வையுங்கள். அடியில் தண்ணீர் தனியாகத் தங்கினாலோ துரு படிந்தாலோ குற்றவாளி டேங்க்தான்.

4. ஏர் லீக்: இன்ஜின் ஓடும்போது கார்பரேட்டர் அடிப் பேக்கிங்கைச் சுற்றிக் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். சத்தம் மாறினால் அந்த வழியாகக் காற்று நுழைகிறது. சிலர் இதையே பெட்ரோல் தெளித்துப் பார்ப்பார்கள். சூடான எக்ஸாஸ்ட் பக்கத்தில் அது விளையாட்டல்ல. தண்ணீரே போதும்.

எங்கள் வண்டியில் முதல் மூன்றும் சரியாக இருந்தன. நாலாவதில்தான் விஷயம் சிக்கியது. பேக்கிங் மட்டுமல்ல, த்ராட்டில் ஷாஃப்டின் இரண்டு முனையிலும் தண்ணீர் பட்டவுடன் சத்தம் மாறியது. கையால் பிடித்து ஆட்டினால் ஷாஃப்ட் மேலும் கீழும் ஆடியது. வருடக்கணக்கில் தேய்ந்து அதன் துளை நீள்வட்டமாகிவிட்டது. கழற்றிய பிறகு அடி ஃபிளேஞ்சில் ஸ்டீல் ஸ்கேலை நிறுத்திப் பார்த்தோம். நடுவில் வெளிச்சம் தெரிந்தது, அதாவது அது வளைந்திருந்தது. அடைப்பு என்றால் கழுவலாம். ஜெட் தேய்ந்திருந்தால் ஜெட் மாற்றலாம். உடம்பே தேய்ந்து வளைந்தால் மாற்றுவதுதான் வழி. "வாங்கலாம்பா" என்று அப்போதுதான் சொன்னேன்.

மாற்றும் முறை

வேலை நடந்தது அப்பன்திருப்பதியில் ஒரு சின்னப் பட்டறையில். அந்த மெக்கானிக் அண்ணன் கூடவே இருந்தார். முறையை வரிசையாகத் தருகிறேன்.

இன்ஜின் நன்றாக ஆறட்டும். பேட்டரி நெகட்டிவ் முனையைக் கழற்றிவிடுங்கள். வாளியில் மணல் பக்கத்தில் இருக்கட்டும். பீடி, சிகரெட் ஆசாமிகளை வாசலுக்கு அனுப்பிவிடுங்கள், பெரியவராக இருந்தாலும் பரவாயில்லை!

ஏர் கிளீனரை எடுங்கள். எதையும் பிரிக்கும் முன் நாலு பக்கமும் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்த ஸ்பிரிங் எந்த ஓட்டையில் இருந்தது என்று பிறகு சண்டை வராது.

பெட்ரோல் பைப் யூனியனைக் கழற்ற இரண்டு ஸ்பேனர் வேண்டும். ஒன்று பிடிக்க, ஒன்று திருக. ஒற்றை ஸ்பேனரால் திருகினால் பைப் முறுக்கிக்கொள்ளும். கழற்றிய முனையை அடைத்து வையுங்கள். பிறகு ஆக்ஸிலரேட்டர் ராடு, சோக் கேபிள், வேக்குவம் பைப் இருந்தால் அதையும் எடுங்கள். பல சோலெக்ஸ் மாடல்களில் நாம் 'சோக்' என்று சொல்வது காற்றை மூடும் தகடு அல்ல. குளிரில் எடுப்பதற்காகக் கூடுதல் கலவை தரும் ஒரு தனி ஸ்டார்ட்டர் வால்வு அது. அந்தக் கேபிள் முழுதாகத் திரும்பவில்லை என்றால் வண்டி நாள் முழுக்கக் கருப்புப் புகை விடும்.

இரண்டு நட்டையும் மாற்றி மாற்றித் தளர்த்திக் கார்பரேட்டரைத் தூக்குங்கள். தூக்கிய உடனே ஹெட்டில் உள்ள ஓட்டையைச் சுத்தமான துணியால் அடையுங்கள். அந்த ஓட்டைக்குள் ஒரு வாஷர் விழுந்தால் ஹெட்டையே கழற்ற வேண்டி வரலாம். பழைய பேக்கிங்கைச் சுரண்டும்போதும் துணி அங்கேயே இருக்கட்டும்.

புதியதை மாட்டும் முன் பழையதோடு பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். ஸ்டட் இடைவெளி ஒன்றா? த்ராட்டில் லீவர் ஒரே பக்கமா? வாய் விட்டம் ஒன்றா? ஜெட்டில் பொறித்த எண்கள் ஒன்றா? எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது தடித்த பேக்கிங். கார்பரேட்டருக்கும் ஹெட்டுக்கும் நடுவில் வெப்பம் கடத்தாத ஒரு கட்டைப் பேக்கிங் இருக்கும். "இது எதுக்கு?" என்று தூக்கிப் போடுபவர்கள் உண்டு. போடாதீர்கள்! முன்பே சொன்னேனே, நம் கார்பரேட்டர் சூடான ஹெட் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. அந்தக் கட்டை இல்லையென்றால் சேம்பரில் இருக்கும் பெட்ரோல் கொதித்து ஆவியாகிவிடும். சித்திரைத் திருவிழா சமயத்தில் எங்கள் சாலையில் கூட்டத்துக்கு நடுவே வண்டிகள் ஆமை வேகத்தில் நகரும். அந்த வெயிலில் நின்று போகிற பழைய வண்டிகளில் சிலவற்றுக்கு வியாதி இதுதான்.

புதுப் பேக்கிங்கை உலர்ந்தபடியே போடுங்கள். சிலிக்கான் பேஸ்ட் பெட்ரோல் பட்டால் ஊறிப் பிய்ந்து உள்ளே போகும். நட்டுகளை மாற்றி மாற்றி, சீராக, அளவோடு இறுக்குங்கள். "இன்னும் ஒரு சுத்து" என்று பலத்தைக் காட்டினால் புது ஃபிளேஞ்சும் வளையும்.

ராடை மாட்டியதும் ஒருவர் ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதிக்க, இன்னொருவர் த்ராட்டில் முழுக்கத் திறக்கிறதா என்று பார்க்க வேண்டும். காலை எடுத்ததும் ஸ்பிரிங் அதைப் பட்டென்று மூடவும் வேண்டும். இது பிக்கப்புக்கான சோதனை மட்டுமல்ல, உயிருக்கான சோதனை. பிறகு பேட்டரியை மாட்டி, பெட்ரோல் ஏற்றி, ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை என்று உறுதி செய்த பின்பே ஸ்டார்ட் செய்யுங்கள்.

டியூனிங்

இன்ஜின் நன்றாகச் சூடாகட்டும். மிக்சர் ஸ்க்ரூவை மெதுவாக, தட்டும் வரை உள்ளே திருகி, அங்கிருந்து ஒன்றரைச் சுற்று வெளியே எடுங்கள். வேகத்தை ஸ்லோ ஸ்பீடு ஸ்க்ரூவில் வையுங்கள். பிறகு மிக்சர் ஸ்க்ரூவைக் கால் சுற்றாக இப்படியும் அப்படியும் திருப்பி, இன்ஜின் எங்கே அதிக வேகமாகவும் சீராகவும் ஓடுகிறதோ அங்கே நிறுத்துங்கள். வேகம் கூடியிருந்தால் ஸ்லோ ஸ்பீடைக் குறைத்து மறுபடியும் இதையே செய்யுங்கள். கடைசியில் நிமிடத்துக்கு 600 சுற்று அளவில் நிற்க வேண்டும்.

எங்கள் வண்டி நின்றது. ஸ்லோ ஸ்பீடு அருமை! சூட்டிலும் எடுத்தது. அண்ணன் கையைத் துடைத்துவிட்டார். ஆனால் சோதனை ஓட்டத்தில் பழமுதிர்ச்சோலை ஏற்றத்தில் ஏறும்போது அப்பா தலையை ஆட்டினார். "சத்தம் சரியில்லப்பா. வண்டிக்குப் பசி எடுக்குது."

பசிக்கு ஒரு கணக்கு

அப்பாவுக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும். ஆனால் அவர் சொன்ன 'பசி' என்ற வார்த்தைக்கு நம் புத்தகத்தில் 'லீன் மிக்சர்' என்று பெயர். பிளக்கைக் கழற்றினேன். இளம் பழுப்பாக இருக்க வேண்டியது வெளுத்திருந்தது. புதுக் கார்பரேட்டர், பழைய எண்ணுள்ள ஜெட், ஏர் லீக் இல்லை. பிறகு ஏன் பசி?

மாறியது பெட்ரோல்! 20 சதவீத எத்தனால் கலந்த இ-20 பெட்ரோல் 2023 பிப்ரவரியில் அறிமுகமாகி, 2025க்குள் நாடெங்கும் பங்குகளில் பரவிவிட்டது. எத்தனாலுக்குள் ஏற்கெனவே ஆக்ஸிஜன் இருப்பதால் அது எரியக் காற்று குறைவாகப் போதும். ஒரு கிலோவுக்கு 9 கிலோ காற்று மட்டுமே. இப்போது கணக்கைப் பாருங்கள்.

ஒரு லிட்டர் இ-20இல் பெட்ரோல் 0.8 லிட்டர். எடை 0.592 கிலோ. அதற்குக் காற்று 0.592 × 14.7 = 8.70 கிலோ.

எத்தனால் 0.2 லிட்டர். எடை 0.158 கிலோ. அதற்குக் காற்று 0.158 × 9 = 1.42 கிலோ.

மொத்தக் காற்று 10.12 கிலோ, மொத்த எரிபொருள் 0.75 கிலோ. வகுத்தால் 13.5.

அதாவது 14.7 என்று இருந்த விகிதம் 13.5 ஆகிவிட்டது. அதே அளவு காற்றுக்கு சுமார் 9 சதவீதம் கூடுதல் எரிபொருள் தேவை. இன்ஜெக்ஷன் வண்டியில் ஆக்ஸிஜன் சென்சார் இதைக் கண்டுபிடித்து, கம்ப்யூட்டர் தானே கூட்டிக் கொடுத்துவிடும். கார்பரேட்டருக்கு அந்த அறிவு கிடையாது. நாம்தான் அதற்குக் கம்ப்யூட்டர்!

சோலெக்ஸ் மெயின் ஜெட்டின் எண், துளையின் விட்டத்தை மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்காகச் சொல்கிறது. எங்கள் ஜெட் 120, அதாவது 1.20 மில்லிமீட்டர். பாயும் அளவு துளையின் பரப்பைப் பொறுத்தது, பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அடுத்து 125 போட்டால், 125ஐ 120ஆல் வகுத்து வர்க்கம் எடுங்கள். விடை 1.085. ஏறத்தாழ நமக்கு வேண்டிய 9 சதவீதம்!

அண்ணனிடம் நோட்டைக் காட்டினேன். "என்னப்பா, ஜெட்டுக்கெல்லாம் கணக்கா?" என்று சிரித்தவர், பழைய டப்பாவைக் கொட்டி ஒரு 125 தேடி எடுத்துத் தந்தார். மாட்டி மறுபடி ஏற்றத்துக்குப் போனோம். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. கியர் மாற்றாமல் மேலே கொண்டுபோய் நிறுத்தினார். ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோது பிளக் இளம் பழுப்புக்கு வந்திருந்தது.

ஒரு எச்சரிக்கை: இதைப் படித்துவிட்டு எல்லா வண்டிக்கும் பெரிய ஜெட் போட்டுவிடாதீர்கள். சில வண்டிகள் முன்பே ரிச்சாக ஓடிக்கொண்டிருக்கும், அவற்றுக்கு இது தேவைப்படாது. பிளக் வெளுத்திருந்தால் மட்டும், ஒரு படி மட்டும் கூட்டுங்கள். கருத்தால் பழையபடி திரும்புங்கள். இ-20 பழைய ரப்பர் ஹோஸ், வாஷர்களை ஊற வைக்கும். டேங்கில் படிந்த பழைய பிசினைக் கரைத்து ஃபில்டருக்குக் கொண்டுவரும். எத்தனால் தண்ணீரை இழுக்கும், அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் தங்கும். எனவே ஹோஸையும் ஃபில்டரையும் சேர்த்தே மாற்றுங்கள். மழைக்காலத்தில் டேங்க் மூடியைக் கவனியுங்கள்.

நாம் அறிய வேண்டியது

தோழர்களே! கார்பரேட்டர் மாற்றுவது இரண்டு நட்டு, ஒரு பைப், ஒரு ராடு, ஒரு கேபிள். கைப்பழக்கம் உள்ள எவரும் ஒரு மணி நேரத்தில் செய்வார்கள். அதற்கு டிப்ளமோ தேவையில்லை. மாற்ற வேண்டுமா வேண்டாமா என்று சொல்லவும், மாற்றிய பிறகும் குறை இருந்தால் ஏன் என்று கண்டுபிடிக்கவும்தான் நமக்குப் படிப்பு. அந்தப் படிப்பும் தனியாக நின்று பயனில்லை. அப்பாவின் காது 'பசி' என்று சொல்லாவிட்டால் என் கணக்குக்கு வேலையே இருந்திருக்காது. அண்ணனின் டப்பா இல்லாவிட்டால் கணக்கு நோட்டிலேயே கிடந்திருக்கும்.

நம்மில் பலர் வீட்டுக்கு முதல் பட்டயதாரிகள். இந்தப் படிப்பால் என்ன லாபம் என்று வீட்டில் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள், ஆனால் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். வேலை கிடைத்த பிறகுதான் பதில் சொல்ல வேண்டும் என்பதில்லை. உங்கள் ஊர் பம்ப்செட், ஆட்டோ, மாவு மில் மோட்டார் எதுவாக இருந்தாலும் சரி, இந்த லீவில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். சொல்பவர் பேச்சைக் காது கொடுத்துக் கேளுங்கள். நோட்டை எடுத்துக் கணக்குப் போடுங்கள். பிறகு ஸ்பேனரை எடுங்கள்.

செமஸ்டர் கட்டணம் என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? அபராதத்தோடு, மூன்று வாரம் தள்ளிக் கட்டினோம். அது பூ ஓட்டிச் சம்பாதித்த பணம்!